பின் அச்சுக்கு லொக்கரா, ஸ்பூலா? பணம் கட்டுமுன் அறிய வேண்டியவை

மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர்களில் வசிக்கும் நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள், பாடசாலை விடுமுறை வந்தால் கூடாரங்களைக் கட்டிக்கொண்டு விக்ரோறியா மலைநாட்டுக்குப் போய்வருவது வழக்கம். டார்கோ, மான்ஸ்ஃபீல்ட் பக்கத்துக் காட்டுப் பாதைகள் எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது மனப்பாடம். இந்தப் பயணங்களில் சேர்ந்துகொள்ளும் இளையவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "அண்ணை, பின்னுக்கு லொக்கர் போடுறதோ, ஸ்பூல் போடுறதோ? ஸ்பூல் எண்டா காசு நல்லாக் குறைவாம், உடையவும் உடையாதாம்."

இரண்டும் உண்மைதான். ஆனால் கேள்வி அதோடு முடிவதில்லை என்பதை எங்களில் ஒரு குடும்பம் ஒரு மழைநாளில் தெரிந்துகொண்டது. அவர்கள் பாவித்த ஜீப் ஒன்றை ஒருவரிடம் நேரடியாக வாங்கினார்கள். வளைவுகளில் ரயர் கிறீச்சிடுவதைப் பழைய ரயரின் குணம் என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாம் வாரம், நீச்சல் வகுப்பு முடிந்து இரண்டு பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வரும்போது, நனைந்த சுற்றுவட்டத்தில் வண்டியின் பின்பக்கம் தனியே கழன்றதுபோல் வெளியே வழுக்கி, எதிர்த்தடத்தைப் பார்த்தபடி நின்றது. அந்த நேரத்தில் எதிரே வாகனம் வரவில்லை. கராஜில் ஜக் அடித்துப் பார்த்தபோதுதான் பின் டிபரன்சியலுக்குள் ஸ்பூல் இருப்பது தெரிந்தது. விற்றவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆகவே, எது பலம், எது மலிவு என்பதோடு நிற்காமல், எது எங்களை வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் என்ற பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கிறோம்.

டிபரன்சியல் எதற்கு?

வாகனம் திரும்பும்போது வெளிச் சில்லு உட்சில்லைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சில்லுகளுக்கும் இடையே ஒன்றரை மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சாதாரண 90 பாகைத் திருப்பத்தில் வெளிச் சில்லு ஏறக்குறைய 2.4 மீற்றர் கூடுதலாக ஓடுகிறது. முழு வட்டம் அடித்தால் 9.4 மீற்றர். இந்த வித்தியாசத்துக்கு இடங்கொடுப்பதுதான் டிபரன்சியலின் வேலை. 1827 இல் பிரான்ஸ் நாட்டவரான ஒனேசிஃபோர் பெக்கேர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

இதன் குறை சேற்றில் தெரியும். சாதாரண டிபரன்சியல் இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே கொடுக்கும். ஒரு சில்லு அந்தரத்திலோ சேற்றிலோ நின்றால் அதைச் சுழற்ற மிகச் சிறிய விசை போதும். அதே சிறிய விசைதான் நல்ல தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் போகிறது. ஒன்று சும்மா சுழல, மற்றது சும்மா நிற்க, வண்டியும் அங்கேயே நிற்கும்.

வன்னியில் வயல் உழுத எங்கள் அப்பாமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மசி பேர்குசன் 135 போன்ற உழவு இயந்திரங்களில் வலது காலடியில் ஒரு மிதி இருக்கும். ஒரு சில்லு சேற்றில் சுழலத் தொடங்கினால் அதை மிதிப்பார்கள். இரண்டு சில்லும் பிணைந்து ஒன்றாகச் சுழலும், வண்டி வெளியே வரும். வரம்படியில் திருப்புவதற்கு முன்னர் காலை எடுத்துவிடுவார்கள். அந்த மிதிதான் டிபரன்சியல் லொக். அதே உழவு இயந்திரத்தில் இடது, வலது சில்லுகளுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. சுழலும் பக்கத்தை மட்டும் பிரேக் பிடித்து மற்றப் பக்கத்துக்கு இழுவையைக் கொடுக்கலாம். இன்றைய வாகனங்களில் "டிராக்‌ஷன் கொன்ட்ரோல்" என்று விற்கப்படுவது அதையே கணினி செய்வதுதான்.

ஸ்பூல் என்பது அந்த லொக் மிதியை நிரந்தரமாக மிதித்தபடி ஒட்டிவிடுவது.

ஸ்பூல்

முழு ஸ்பூல் போடும்போது டிபரன்சியலின் நடுக்கூடு முழுவதையும் எடுத்துவிட்டு ஒரே இரும்புக் கட்டையை வைக்கிறார்கள். மினி ஸ்பூலில் கூடு பழையதே, உள்ளே உள்ள சிறிய பற்சில்லுகளுக்குப் பதிலாக ஒரு கட்டை வரும். இன்னும் மலிவான வழி, அந்தச் சிறிய பற்சில்லுகளை வெல்டிங் அடித்துவிடுவது. விளைவு மூன்றிலும் ஒன்றுதான்: பின்னிரு சில்லும் எந்நேரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும்.

உள்ளே அசையும் பாகம் இல்லை. ஆகவே தேய்வதற்கோ பழுதாவதற்கோ ஒன்றுமில்லை. நிறையும் குறைவு. நேர்கோட்டில் ஓடும் ட்ராக் பந்தய வண்டிகளிலும், பாறையேறும் போட்டிகளுக்கு றெயிலரில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகளிலும் இதைக் காண்பது அதனால்தான். அங்கே அது சரியான தெரிவு. அதைக் குறைசொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

தார் வீதியில் கதை வேறு. மேலே சொன்ன 2.4 மீற்றர் வித்தியாசம் எங்காவது தீர்ந்தாக வேண்டும். டிபரன்சியல் தீர்க்காவிட்டால் ரயர் தேய்ந்து தீர்க்கும், அல்லது அக்சில் தண்டு முறுகித் தாங்கும். வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் ரயர் குதித்துக் குதித்துப் போவதை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆபத்து இருப்பது ஈரத்திலும் பனியிலும். சாதாரண டிபரன்சியலில் ஒரு பின்சில்லு வழுக்கினாலும் மற்றது பெரும்பாலும் தரையைப் பிடித்தபடி உருளும். வண்டியின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிப்பது அந்தச் சில்லுதான். ஸ்பூலில் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் உறவுகள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பனிக்கட்டி படிந்த, ஒரு பக்கம் சரிந்த வீதியில் பூட்டிய பின் அச்சு வண்டியை மெதுவாகக் கானுக்குள் இழுத்துச் செல்லும்.

ஏபிஎஸ், உறுதிநிலைக் கட்டுப்பாடு உள்ள வாகனமென்றால் இன்னொரு சிக்கல். அவை ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே பிரேக் பிடித்துத்தான் வண்டியை நேராக்குகின்றன. இரு பின்சில்லையும் இரும்பால் பிணைத்துவிட்டால், ஒன்றைப் பிடிப்பது மற்றதையும் பிடிப்பதாகிவிடும்.

சட்டமும் உண்டு. அவுஸ்திரேலியாவில் வீதிப் பதிவுள்ள வாகனத்துக்கு ஸ்பூலோ வெல்டிங் அடித்த டிபரன்சியலோ பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஜேர்மனியில் இவ்வகை மாற்றங்களைப் பரிசோதித்து வாகனப் பத்திரத்தில் பதிய வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் வாகனப் பரிசோதகரிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் ஒரு விபத்துக்குப் பின்னர் காப்புறுதிப் பணத்தை மறுக்கக் காரணமாகலாம். இந்த நாடுகளில் ஒரு வீட்டையும் ஒரு வேலையையும் கட்டியெழுப்ப எத்தனை வருடம் எடுத்தது என்பதை நாங்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

தானியங்கி லொக்கர்

டெட்ரொய்ற் லொக்கர் போன்றவையும், "லஞ்ச்பொக்ஸ் லொக்கர்" என்று வாகனக்காரர் செல்லமாக அழைக்கும் சிறியவையும் இந்த வகை. சாதாரண நிலையில் பூட்டியே இருக்கும். வளைவில் வெளிச் சில்லு வேகமாக ஓட முயன்றால் அந்தப் பக்கத்தை மட்டும் தானாக விட்டுக்கொடுக்கும். ஆளியும் இல்லை, காற்றுக் குழாயும் இல்லை.

லஞ்ச்பொக்ஸ் வகை பழைய கூட்டுக்குள்ளேயே பொருந்துவதால் விலை குறைவு. கிறவுண் பற்சில்லையும் பினியனையும் மறுபடி சரிசெய்யும் வேலை பெரும்பாலும் இல்லை. ஆனால் கூடு பழையதென்பதால் பலமும் பழையதுதான். பெரிய ரயரோடு கல்லேறுபவர்கள் அந்தக் கூட்டையே பிளந்திருக்கிறார்கள்.

வீதியில் இவை பழகிக்கொள்ள வேண்டியவை. வளைவில் இழுக்கும்போது உட்சில்லு மட்டுமே தள்ளும். நடுவில் காலை எடுத்தால் மறுபக்கம் சட்டென்று கொழுவி, வண்டி அரைத்தடம் அசைவதுபோல் இருக்கும். "டக், டக்" என்ற சத்தமும் வரும். அச்சிடைத் தூரம் குறைந்த சிறிய ஜீப்பில் இது கூடுதலாகத் தெரியும், நீண்ட வாகனத்தில் குறைவு. பழகியவர் ஓட்டினால் பிரச்சினை பெரிதல்ல. அதே வண்டியை மனைவியோ, புதிதாக லைசென்ஸ் எடுத்த மகளோ ஓட்டுவதாக இருந்தால் நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆளி போட்டால் பூட்டும் லொக்கர்

உழவு இயந்திரத்து மிதியின் நேரடி வாரிசு இதுதான். வேண்டாதபோது சாதாரண டிபரன்சியல், வேண்டும்போது ஸ்பூல். காற்றழுத்தத்தால், மின்காந்தத்தால், கேபிளால் என்று மூன்று வழிகளில் இயக்குகிறார்கள். காற்று வகையில் எங்கள் ஊர்க்காரருக்கு அதிகம் பழக்கமானது மெல்பேர்ணைத் தலைமையகமாகக் கொண்ட ஏஆர்பியின் எயர் லொக்கர். அந்நிறுவனம் 1987 இல் இன்னொரு அவுஸ்திரேலியக் கண்டுபிடிப்பாளரின் லொக்கரை வாங்கி வளர்த்தெடுத்தது.

காற்று வகை உடனே பூட்டும், உறுதியாகப் பூட்டும். கூடவே வரும் கம்பிரசரால் ரயருக்கும் காற்றடிக்கலாம் என்பது பலருக்குப் பாதிக் காரணம். அதன் பலவீனம் குழாயும் ரப்பர் வளையங்களும். காட்டுத்தடி கிழித்தாலோ, வெளிப்போக்கிக் குழாயில் சூடு பட்டாலோ காற்றுக் கசியும். டிபரன்சியலின் மூச்சுக்குழாய் வழியே எண்ணெய் வெளியே தள்ளுப்பட்டால், உள்ளேயுள்ள வளையம் ஒன்று காற்றை விடுகிறது என்று சந்தேகிக்கலாம். மின் வகையில் குழாய் இல்லை, வயர் மட்டும்தான். சிலவற்றில் பூட்டிக்கொள்ளச் சில்லு சற்று அசைய வேண்டும். கேபிள் வகை எளிமையானது, ஆனால் கேபிள் போகும் பாதையில் கூர்வளைவு இருக்கக்கூடாது.

காற்று வகையோ மின் வகையோ பழுதானால் வழமையாக நடப்பது, அது பூட்ட மறுப்பதுதான். வண்டி சாதாரண வண்டியாகிவிடும், வீட்டுக்கு வரலாம். ஸ்பூல் பழுதாவதில்லை என்று பெருமை பேசும்போது இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் உங்கள் வண்டியில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அண்மைய ஹைலக்ஸ், ரேஞ்சர் வகைகள் பலவற்றில் பின் லொக்கர் தொழிற்சாலையிலேயே வருகிறது. ரங்லர் ரூபிக்கோனில் முன்னும் பின்னும் உண்டு. பழைய 80 தொடர் லான்ட்குறூசர் சிலவற்றிலும் உண்டு. எங்களில் ஒருவர் நான்கு வருடமாக அந்த ஆளியைப் பனிமூட்ட விளக்கின் ஆளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்! சில வாகனங்களில் பின் லொக்கரைப் போட்டவுடன் முன்சில்லுகளுக்கான டிராக்‌ஷன் கொன்ட்ரோலும் நின்றுவிடும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

பாவனையை வைத்து நாங்கள் சொல்வது இதுதான். வருடத்துக்கு நான்கைந்து தடவை காட்டுக்கும் கடற்கரைக்கும் போய், மற்ற நாட்களில் பாடசாலைக்கும் வேலைக்கும் ஓடும் குடும்ப வண்டிக்கு, ஆளி போட்டால் பூட்டும் லொக்கர். பணம் போதாவிட்டால் பொறுத்திருங்கள். இடைக்காலத்தில் நல்ல ரயரும், காற்று அளக்கும் மானியும், சரியான இழுவைக் கொக்கிகளும் வாங்குங்கள். கே'காரி தீவின் மணலில் சிக்கிய வண்டிகளில் பெரும்பாலானவை லொக்கர் இல்லாமல் சிக்கியவை அல்ல, வீதிக் காற்றோடு மணலில் இறங்கியவை. 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் அரைவாசிப் பிரச்சினை தீரும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது வண்டியாக, வார இறுதியில் மட்டும் ஓடும் பழைய ஜீப்புக்குத் தானியங்கி லொக்கர் பொருந்தலாம். வீதியே காணாத, றெயிலரில் போய்வரும் போட்டி வண்டிக்கு ஸ்பூல்.

முன்னுக்கா பின்னுக்கா என்றால், ஒன்றுதான் போட முடியுமென்றால் பின்னுக்கு. ஏற்றத்தில் நிறை பின்னுக்குச் சாய்கிறது, இழுவையும் அங்கேதான் கிடைக்கும். முன்னுக்குப் பூட்டினால் ஸ்ரியறிங் இறுகும். சுயாதீன முன் சஸ்பென்சன் உள்ள வண்டிகளில் சிவி மூட்டுகள் உடையவும் கூடும்.

பலத்தைப் பற்றி ஒரு கணக்கு. எஞ்சின் 300 நியூட்டன் மீற்றர், முதலாம் கியர் 4, குறைந்த வீச்சு 2.5, டிபரன்சியல் 4 என்றால், இழப்புகளைத் தவிர்த்துப் பார்த்தால் பின் அச்சுக்கு 12,000 நியூட்டன் மீற்றர் வருகிறது. சாதாரண டிபரன்சியல் அதைப் பாதி பாதியாகப் பிரிக்கும். பூட்டிய அச்சில், ஒரு சில்லு அந்தரத்தில் நின்றால் முழுவதும் மற்ற ஒரு தண்டின் மேல் விழலாம். ஸ்பூல் உடையாது என்பது மெய். ஆனால் அதனோடு கொழுவியிருக்கும் தண்டு உடையும். லொக்கருக்கும் இது பொருந்தும், அது பூட்டியிருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும்.

கடைக்குப் போகும்போது நான்கு விபரங்கள் கையில் இருக்க வேண்டும்: டிபரன்சியலின் வகை, அக்சில் தண்டின் பல் எண்ணிக்கை, டிபரன்சியல் விகிதம், தண்டு முழு மிதவையா அரை மிதவையா என்பது. ஒரே மாதிரி வண்டியிலேயே விகிதத்தைப் பொறுத்து வேறு கூடு வரலாம். மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணாமல் பாகத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

பூட்டுகிறவரைத் தெரிவது பாகத்தைத் தெரிவதைவிட முக்கியம் என்று நாங்கள் நினைக்கிறோம். கூடு மாறும்போது கிறவுண் பற்சில்லுக்கும் பினியனுக்கும் இடையேயான இடைவெளியை மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுக்குத் துல்லியமாகச் சரிசெய்ய வேண்டும். பல்லில் நிறப்பசை பூசி, எந்த இடத்தில் பதிகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிவின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் விடாதீர்கள். சரியாகப் பூட்டாத டிபரன்சியல் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஊளையிடத் தொடங்கும், பிறகு நிற்காது.

பாவித்த வண்டி வாங்கும்போது

முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, வண்டியை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கை எடுத்து, பின்னிரு சில்லையும் தூக்கி, கட்டாயம் தாங்கிகளின் மேல் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிபரன்சியல். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால், ஸ்பூல், தானியங்கி லொக்கர், இறுக்கமான லிமிற்றட் ஸ்லிப் மூன்றில் ஒன்று. அப்போது ஒருவரைக் கொண்டு மற்றச் சில்லைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இதைச் சுற்ற முயலுங்கள். ஸ்பூல் அசையவே அசையாது. தானியங்கி லொக்கர் சற்று ஆடி நிற்கும். லிமிற்றட் ஸ்லிப் பலங்கொண்டு தள்ளினால் வழுகும்.

தூக்க வசதி இல்லையென்றால், காய்ந்த தரிப்பிடத்தில் ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. ரயர் கிறீச்சிட்டாலோ, வண்டி குதித்தாலோ, எக்சிலறேற்றரை விட்டவுடன் நின்றுவிட்டாலோ பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு அடியில் பாருங்கள்.

மேலே சொன்ன குடும்பம் அந்த ஸ்பூலைக் கழற்றி, ஒரு கழிவுப்பொருள் முற்றத்திலிருந்து வாங்கிய சாதாரண டிபரன்சியலைப் பூட்டியிருக்கிறது. லொக்கருக்கு இப்போது சேர்க்கிறார்கள்.

போட்டபின் பாவிக்கும் முறையும் அப்பாமாருடையதுதான். சிக்கியபின் அல்ல, தடைக்கு முன்னரே, சில்லு சுழலாதபோது பூட்டுங்கள். தாண்டியவுடன் எடுத்துவிட்டு, நேராகச் சில மீற்றர் உருளவிடுங்கள், பல்லில் இருக்கும் இறுக்கம் விடுபட்டு விளக்கு அணையும். பக்கச் சரிவிலும், வழுக்கும் இறக்கத்து வளைவிலும் எடுத்தே வையுங்கள். மாதம் ஒருதடவை புல்வெளியிலோ மண் பாதையிலோ போட்டு எடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. புதிதாகப் பூட்டியதென்றால் முதல் ஆயிரம் கிலோமீற்றரளவில் எண்ணெயை மாற்றுங்கள். வடியும் எண்ணெயில் மெல்லிய சாம்பல்நிறப் பசை இருப்பது இயல்பு. நகத்தில் அகப்படும் துண்டுகள் இருந்தால் வண்டியை ஓட்டாமல், பூட்டியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.